ஒரு கிராம் முள்ளுக்கு அரைக் கிலோ கூலி

திருவண்ணாமலை மாவட்டம் தனியாகப் பிரிந்த வருஷம்தான் எனக்கு வேலை கிடைத்தது. புது அலுவலகம். மேசை நாற்காலிகள்கூட வேலூரிலிருந்து லாரியில் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். என்னை டெஸ்பாட்ச் பிரிவில் உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் எழுதுகிற கடிதங்களை உறையில் போட்டு, எடை பார்த்து, ஸ்டாம்ப் ஒட்டி வெளியே அனுப்புவது என் வேலை. யாரும் விரும்பி வராத பிரிவு அது. எனக்கு என்னவோ பிடித்துவிட்டது.

மேசைமேல் ஒரு சின்னத் தராசு இருந்தது. முதல் இரண்டு வருஷம் நான் அதை நம்பினேன். அப்புறம் அது என்னை நம்ப ஆரம்பித்தது. உறையைக் கையில் வாங்கியதுமே பதினெட்டு கிராமா, இருபத்திரண்டு கிராமா என்று விரல் சொல்லிவிடும். அலுவலகம் வேங்கிக்காலுக்குப் போய், நாங்களும் அந்தப் பக்கமே வீடு கட்டிக் குடிபோன பிறகும் நான் அதே பிரிவில்தான் இருந்தேன். எங்கள் கண்காணிப்பாளர் சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சோதித்துப் பார்ப்பார். எலுமிச்சம்பழம், பூட்டு, தன் மூக்குக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைப்பார். ஒருநாள் மூடிய டிபன் பாக்ஸை வைத்தார்.

"அறுநூத்தி நாப்பது கிராம் சார். இன்னிக்கு உங்க வீட்ல பொரியல் வெக்கல."

திறந்து பார்த்தார். பொரியல் இல்லை. அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்குத் தனி மரியாதை.

இதையெல்லாம் சொல்லக் காரணம், ஒரு கிராம் பொருளுக்கு நூற்றுப் பத்து ரூபாய் அனுப்புகூலி என்று கேட்டபோது என் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதுதான்.

அந்தப் பொருள், எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்.

கடிகாரம் என் கணவருடையது. அவர் கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். ஆண்டு விழாவில் ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் நடந்த மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டியில் முதல் பரிசாக வாங்கியது. கடைசியாக வருபவர்தான் ஜெயிப்பார் என்கிற அந்தப் போட்டி அவருக்காகவே யாரோ கண்டுபிடித்தது போல இருக்கும். மற்றவர்கள் எல்லாம் தள்ளாடிக் காலை ஊன்றிவிட்டார்கள். இவர் மட்டும் வீட்டுக்கு வருகிற வேகத்திலேயே ஓட்டினாராம். வாழ்க்கையில் அவர் வாங்கிய ஒரே பரிசு. தங்க நிற விளிம்பு, வெள்ளை முகம், வெற்றிலையை நீளவாக்கில் இழுத்துவிட்டது போல இரண்டு தங்க நிற முட்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் மணி பார்க்கிற சாக்கில் அந்தப் பரிசைப் பற்றிச் சொல்லிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணியைச் சரிசெய்ய அதைக் கழற்றினார். பெரிய முள் கழன்று கையோடு வந்துவிட்டது. தொலைந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக அன்றைய பேப்பரின் நடுப்பக்கத்தில் வைத்து மடித்தார். அதை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் பசை வாங்கக் கடைக்குப் போனார். அவர் கடைக்குப் போனால் எப்போது திரும்புவார் என்பது கடைக்காரருக்கே தெரியாது. அதற்குள் பழைய பேப்பர்காரர் வந்துவிட்டார். இருந்த பேப்பரையெல்லாம் அள்ளிப் போட்டேன். அவர் தராசில் விரல் வைக்கிறாரா என்று கண் கொட்டாமல் பார்த்தேனே தவிர, என்னத்தைப் போடுகிறோம் என்று பார்க்கவில்லை.

பசையோடு வந்த கணவர் ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பேப்பர் எங்க?"

"போட்டுட்டேன். நாலு கிலோ இருநூறு. அந்தாளு நாலுன்னான், நான் விடல."

அவர் ஒரு கையில் பசையையும் மறு கையில் கடிகாரத்தையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கடிகாரத்தை அதே ஆணியில் மாட்டினார். சின்ன முள் மட்டும் ஒன்பதைக் காட்டியது.

அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் சின்ன முள்ளை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்தினோம். அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. சின்ன முள் எட்டைத் தாண்டினால் எட்டு, ஒன்பதைத் தொடப் போனால் எட்டே முக்கால். "எட்டும் கொஞ்சமும் ஆச்சு", "எட்டு தாண்டி தள்ளி போயிட்டுது", "ஒம்போதை மோந்து பாக்குது" என்று எங்களுக்குள் ஒரு கணக்கு ஏற்பட்டுவிட்டது. கணவருக்கு இது வசதியாகவே இருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டால், "கொஞ்சமும்னா எம்மாம்னு யாருக்குத் தெரியும்?" என்பார். ஆனால் யாராவது வீட்டுக்கு வந்து கடிகாரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு முழிக்கும்போது அவர் முகம் சுருங்கிவிடும். பரிசைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். எனக்குத்தான் குற்ற உணர்ச்சி.

தேரடிப் பக்கம் ஒரு வாட்ச் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர், "மெஷினையே மாத்திடுங்க, மூணு முள்ளும் கூடவே வரும்" என்றார். அந்த முட்கள் கறுப்பாக, தட்டையாக, தீக்குச்சி மாதிரி இருந்தன. இலை முள்தான் வேண்டும் என்றார் கணவர். கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்துத் தேடி ஒரு தங்க முள்ளை எடுத்து மாட்டிக் காட்டினார். அது சின்ன முள்ளைவிடச் சின்னதாக இருந்தது.

"டைம் பாக்க ஆவும் சார். மாத்திப் படிச்சிக்கணும், அவ்ளோதான்."

கணவர் கடிகாரத்தை வாங்கிக் கைக்குட்டையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டோவில் வீடு வரைக்கும் அதை இறக்கவேயில்லை.

எங்கள் மகள் அப்போது இன்ஜினியரிங் காலேஜில் முதல் வருஷம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் வருவாள். ஒருநாள் ஓடி வந்தாள்.

"ம்மா, அப்பா முள்ளு கெடச்சிடுச்சு! கம்ப்யூட்டர்ல விக்கிறாங்க!"

பழைய சாமான்களையும் உதிரிச் சாமான்களையும் யார் வேண்டுமானாலும் போட்டோ போட்டு விற்கிற தளம் ஒன்று இருந்ததாம். அதில் சென்னையில் ஒருவர் கடிகாரச் சாமான்கள் மட்டும் விற்கிறார். அவள் போட்டோவைக் காகிதத்தில் அச்சடித்தே கொண்டுவந்திருந்தாள். அதே வெற்றிலை, அதே தங்கம். விலை பதினைந்து ரூபாய். கணவர் காகிதத்தைச் சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை.

"கீழ என்னமோ போட்டிருக்கே?" என்றேன்.

"அது ஷிப்பிங் சார்ஜும்மா. நூத்திப் பத்து."

"ஷிப்பிங்கா?" என்றார் கணவர். "திருவண்ணாமலைக்கு எந்தப் பக்கம் கப்பல் வருது?"

"கப்பல் இல்லப்பா. கூரியரு."

நான் காகிதத்தை வாங்கினேன். முள்ளின் எடை போடவில்லை. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கிராம். மிஞ்சிப் போனால் ஒன்றே கால். நான் ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி இருபது கிராம் கடிதத்தைக் கன்னியாகுமரிக்கு அனுப்புகிறவள். டில்லிக்கும் அதே ஐந்து ரூபாய்தான். பக்கத்துச் சென்னையிலிருந்து ஒரு கிராம் வருவதற்கு நூற்றுப் பத்தா?

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சென்னைக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். மகள் நம்பர் வாங்கிக் கொடுத்திருந்தாள். அவர் நல்ல மனுஷர். கோபமே வராத குரல்.

"ஏங்க, அதை ஒரு சாதா கவர்ல போட்டு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிடுங்களேன். கவர் நானே அனுப்பறேன். அட்ரஸ் எழுதி, ஸ்டாம்பும் ஒட்டி அனுப்பறேன். நீங்க உள்ள போட்டு ஒட்டினா போதும்."

"இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லை மேடம்."

"நான் டெஸ்பாட்ச்சுங்க."

"சரி, அனுப்புங்க மேடம். பாத்துக்கலாம்."

இருப்பதிலேயே சின்ன உறையாக, எடை கம்மியாக இருப்பதாகத் தேர்ந்தெடுத்தேன். முத்து முத்தாக முகவரி எழுதினேன். நாலாம் நாள் போன் வந்தது.

"மேடம், கவர் வந்துச்சு. கையெழுத்து சூப்பர். ஆனா முள்ளு பதினோரு சென்டிமீட்டரு. கவரு பத்துதான் இருக்குது. மடக்கி அனுப்பட்டுங்களா?"

எடையைப் பார்த்த நான் நீளத்தைப் பார்க்கவில்லை. மடக்கிய முள் எந்த மணியைக் காட்டும்?

"பெரிய கவர் அனுப்பறேங்க."

"வேணாம் மேடம். தபால்ல முத்திரை குத்தறப்ப வளைஞ்சிடும். அட்டை வெச்சுக் கட்டி கூரியர்லதான் அனுப்பணும். அதுக்கு அரைக் கிலோ வரைக்கும் ஒரே ரேட்டு. ஒரு கிராம் அனுப்பினாலும் நூத்திப் பத்துதான், ஐநூறு கிராம் அனுப்பினாலும் நூத்திப் பத்துதான்."

இதை அவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு கிராம் முள் வரும். கூடவே நானூற்றுத் தொண்ணூற்றொன்பது கிராம் வெறுமை சென்னையிலிருந்து காற்றாட வரும். அதற்கு நான் டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரு பஸ்ஸை முழுசாகப் பேசிக்கொண்டு ஒரே ஒரு எறும்பை ஏற்றிவருவது போல இருந்தது. அந்த இடத்தை நிரப்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

விற்பவரிடம் இருப்பது கடிகாரச் சாமான் மட்டும்தான். எனவே, யார் வீட்டில் கடிகாரம் கெட்டிருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினேன். கண்காணிப்பாளரிடம் கேட்டபோது அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்ல பெண்டுலம் கடிகாரம் ஒண்ணு கீதும்மா. எங்கப்பா காலத்துது. பெண்டுலம் எங்கயோ பூட்டுது. கெடைக்குமா?"

"எல்லாம் கெடைக்கும் சார். ஆனா எடை ஜாஸ்தியா இல்லாம பாத்துக்கணும்."

அடுத்த வீட்டு அம்மாவிடம் குயில் கடிகாரம் ஒன்று இருந்தது. அவர் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. மணிக்கு மணி கதவு திறந்து குயில் வந்து கூவும். ஒரு வருஷமாகக் கதவு திறக்கிறது, குரல் வருகிறது, குயில் மட்டும் இல்லை.

"கதவு தெறந்தா உள்ள வெறும் ஸ்ப்ரிங்கு தலையாட்டுதுங்க. புள்ளைங்க பயப்படுது" என்றார். "குயிலு மட்டும் தனியா விப்பாங்களா?"

விற்றார்கள். அறுபது கிராம். அதற்குச் சங்கிலி தொண்ணூற்றைந்து கிராம். பித்தளைப் பெண்டுலம் முந்நூற்றுப் பத்து. கண்காணிப்பாளர் கடிகாரத்துக்குச் சாவியும் காணோம் என்று பிறகு தெரிந்தது. அது இருபத்தைந்து. என் முள் ஒன்று. ஆக நானூற்றுத் தொண்ணூற்றொன்று. போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூட்டியதும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இப்படி ஒரு பார்சலை என் சர்வீஸில் நான் அனுப்பியதில்லை.

"இன்னும் ஒம்போது கிராம் மிச்சம் இருக்குதுங்க" என்றேன் கணவரிடம்.

அவர் யோசித்தார். "பெரிய முள்ளே இன்னும் ஒம்போது வாங்கிடேன். நீ பேப்பர் போடறப்போ ஒண்ணொண்ணா போட்டுக்கலாம்."

எல்லாரிடமும் பணம் வாங்கி, கூலியை எடைக்குத் தகுந்தபடி பிரித்து, வங்கியில் கட்டினேன். என் பங்கு கூலி இருபது பைசாவுக்குப் பக்கத்தில் வந்தது. அன்று நான் அலுவலகத்தில் நடந்த நடையைப் பார்த்தவர்கள் ஏதோ பதவி உயர்வு வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டு நாள் கழித்துப் போன்.

"மேடம், பார்சல் கட்டிட்டேன். எழுநூத்தி இருபது வருது. ஒரு கிலோ ரேட்டு போடறாங்க. இன்னும் நூறு ரூபா ஆவும்."

"எப்படிங்க? நானூத்தித் தொண்ணூத்தொண்ணுதானே?"

"சாமான் அவ்ளோதான் மேடம். அட்டைப் பெட்டி, தெர்மோகோல், டேப்பு எல்லாம் சேரும் இல்லையா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பதினெட்டு வருஷமாக, "கவரோட எடையையும் சேத்துத்தான் பாக்கணும்" என்று புதிதாக வருகிற ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் பாடம் எடுத்தவள் நான். அதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவரிடமே கெஞ்சியிருப்பேன். ஆனால் அதைவிட முக்கியமான வேலை இருந்தது.

"தெர்மோகோலை எடுத்துடுங்க. பேப்பர் சுத்துங்க."

அவர் தராசுப் பக்கத்திலேயே நின்றார் போலிருக்கிறது. டேப் கிழிகிற சத்தம் கேட்டது. "அறுநூத்தி முப்பது மேடம்."

"பெட்டி வேணாங்க. துணிப் பையில போட்டுத் தெச்சிடுங்க."

"துணிப் பையா..." அட்டை கிழிகிற சத்தம். "ஐநூத்தி நாப்பது."

"குயிலுக்கு ஸ்டாண்டு இருக்குதா?"

"இருக்குது."

"அதைக் கழட்டிடுங்க."

"ஐநூத்தி இருபத்தி ரெண்டு மேடம். இதுக்கு மேல கழட்டணும்னா குயிலோட மூக்கத்தான் கழட்டணும்."

நாங்கள் இருவரும் மூச்சு வாங்கினோம். கண்காணிப்பாளர் எனக்கு எதிரே நின்று, பெண்டுலத்தில் மட்டும் கை வைக்கச் சொல்லிவிடாதே என்று சைகை செய்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் மறுமுனையில் அந்த மனுஷர் கேட்டார்.

"மேடம், நீங்க திருவண்ணாமலைதானே?"

"ஆமாங்க. வேங்கிக்கால்."

"வர்ற ஞாயித்துக்கெழமை பௌர்ணமி. நாங்க மலை சுத்த வர்றோம். நானே கையோட கொண்டாந்து குடுத்துடறேன் மேடம். ஷிப்பிங்கே வேணாம். அதுக்குக் கட்டின பணத்தையும் திருப்பித் தந்துடறேன்."

ஊரே பௌர்ணமிக்குப் பௌர்ணமி நிரம்பி வழிகிறது. சென்னையிலிருந்து அத்தனை பேர் வெறும் கையை வீசிக்கொண்டு வந்து, வெறும் கையை வீசிக்கொண்டு போவதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். தலைக்கு அரைக் கிலோ கொடுத்தனுப்பினால் இந்த மாவட்டத்துக்குக் கூரியரே தேவைப்படாது என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. கண்காணிப்பாளரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். "கலெக்டருக்கு எழுதிடாதம்மா" என்றார்.

கடவுளைப் பார்க்க வருகிற மனுஷர் நமக்காகச் சுமந்து வருகிறார். ஒரு வேளை சாப்பாடு போடாமல் அனுப்பலாமா? "மதியம் எங்க வீட்ல சாப்டுட்டுப் போங்க" என்று சொல்லிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எழுந்து ஒரு ஆளுக்கு அளவாகச் சமைத்தேன். சாம்பார், ரசம், ஒரு பொரியல், நாலு வடை. அன்று காலையிலேயே பௌர்ணமி தொடங்கிவிட்டதால் விடியும்போதே நடக்க ஆரம்பித்து, வெயில் உறைக்குமுன் சுற்றி முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

சின்ன முள் ஒன்றுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தபோது வாசலில் இரண்டு ஆட்டோக்கள் வந்து நின்றன.

முதலில் அவர் இறங்கினார். குண்டாக, நெற்றி நிறைய விபூதியோடு, கையில் மஞ்சள் பை. பின்னால் அவர் மனைவி. இரண்டு பிள்ளைகள். அப்புறம் மாமியார். இரண்டாவது ஆட்டோவிலிருந்து மச்சான், அவருக்குப் புதிதாகக் கல்யாணமான பெண்டாட்டி. ஏழு பேரும் வெறுங்காலில், சூடான தோசைக்கல்லில் நிற்பவர்களைப் போல மாறி மாறிக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"மேடம், குடும்பத்தோட வந்துட்டோம்" என்று சிரித்தார்.

என் கணவர் என் காதோரம், "ஷிப்பிங்கு இல்லன்னு சொன்னியே. கப்பலே வந்துட்டுது" என்றார்.

அடுத்த வீட்டு அம்மா தன் வீட்டுச் சோற்றுக் குண்டானோடு ஓடி வந்தார். குயிலுக்காக அவர் எதையும் செய்யத் தயாராக இருந்தார். நான் பருப்பை மறுபடி வேகவைத்தேன். மகள் நாலு தெரு தள்ளிப் போய்த் தயிர் வாங்கி வந்தாள். சாம்பாரில் எத்தனை சொம்பு தண்ணீர் ஊற்றினேன் என்பது எனக்கும் அந்தச் சாம்பாருக்கும்தான் தெரியும். பெண்டுலத்தை வாங்கிப்போக வந்த கண்காணிப்பாளரையும் உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முதலில் மறுத்தார். வடையைப் பார்த்தபின் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டாக அந்த நாலு வடையையும் எடுத்துவிட்டதால் இன்னொரு தடவை உளுந்து ஊறப்போட்டேன்.

மாமியாருக்கு மட்டும் என் சமையலில் ஒரு குறை. "ரசம் நல்லாக்கீதும்மா. சாம்பாருதான் தண்ணியா கீது" என்றார்.

சாப்பாடு முடிந்தது. எல்லாரும் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். வீடே ஒரு சின்ன ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. ஒவ்வொரு பாதத்துக்கும் நான் விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் மஞ்சள் பையைப் பிரித்தார். பெண்டுலம் வந்தது. கண்காணிப்பாளர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாவி வந்தது. சங்கிலி வந்தது. குயில் வந்தது, மூக்கோடு. கடைக்காரர் பையைக் கவிழ்த்தார். உதறினார். உள்பக்கத்தை வெளியே திருப்பினார்.

பிறகு மெதுவாகத் தன் மார்பைத் தடவினார். மேல்துண்டுதான் இருந்தது.

"ஐயோ மேடம்... வளையக் கூடாதுன்னு முள்ளை மட்டும் சட்டைப் பையில வெச்சேன். மலை சுத்தறதுக்கு வேட்டி துண்டு கட்டினேன். சட்டை சென்னையில வீட்லயே இருக்குது."

அவர் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் பதினான்கு கிலோமீட்டர் நடந்த புண்ணியம் அத்தனையும் கரைந்திருக்கும். நான் கணவரைப் பார்க்கவே பயந்தேன். அவர் சின்ன முள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அதனால இன்னா சார்? அடுத்த பௌர்ணமி வராமலா பூடும்?" என்றார்.

"கண்டிப்பா வர்றோம்" என்றார் மாமியார், தன் மருமகன் வாயைத் திறக்குமுன்.

அடுத்த பௌர்ணமிக்கு அவர்கள் ஒன்பது பேர் வந்தார்கள். கூட வந்த இருவர் மச்சானின் மாமனார், மாமியார். இந்த முறை நான் சாம்பாரைக் கெட்டியாக வைத்திருந்தேன். கடைக்காரர் வாசலிலேயே சட்டைப் பையிலிருந்து முள்ளை எடுத்து உயர்த்திக் காட்டியபடி வந்தார். இந்தத் தடவை சட்டையோடு மலை சுற்றியிருக்கிறார். கணவர் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். கடைக்காரர் ஒரே அழுத்தில் முள்ளைப் பொருத்தி, மணியைத் திருத்தி, ஆணியில் மாட்டினார். ஒன்பது பேரும் நாங்கள் மூவரும் கீழே நின்று பார்த்தோம். பெரிய முள் பன்னிரண்டிலிருந்து அழகாக இறங்கியது. ஒரு கோடு. இரண்டு கோடு. பிள்ளைகள் கை தட்டினார்கள். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம்.

மோர் சாதத்துக்கு வந்தபோது மகள் சொன்னாள். "ம்மா, ரொம்ப நேரமா ஆறுலயே நிக்குது."

கடைக்காரர் எச்சில் கையோடு எழுந்துபோய்ப் பார்த்தார். முள் இறங்குவதற்கு இறங்கிவிட்டது. ஏற முடியவில்லை. ஏழெட்டு மாதம் சின்ன முள்ளை மட்டும் சுமந்து பழகிய மெஷினுக்கு ஒரு கிராம் தூக்கத் தெம்பில்லை.

"மெஷின் போயிடுச்சு மேடம். மாத்தணும்."

"எவ்ளோ ஆவும்?"

"அதுக்கெல்லாம் நான் வர வேணாம். உங்க ஊர்லயே எந்த வாட்ச் கடையிலயும் கெடைக்கும். மூணு முள்ளும் கூடவே வரும்."

எனக்குத் தட்டோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. கணவர்தான் முதலில் சிரித்தார். சிரித்தார் என்றால் சாதாரணமாக இல்லை. மோர் மூக்கில் ஏறிவிட்டது. மச்சானின் மாமனார் தலையில் தட்ட வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் பற்றிக்கொண்டது.

மறுநாளே தேரடியில் மெஷின் வாங்கினோம். இலை முட்களின் ஓட்டையைக் கொஞ்சம் அரம் போட்டு வாட்ச் கடைக்காரரே பொருத்திக் கொடுத்தார். கணவர் மறுபடியும் வருகிறவர்களிடம் பரிசைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அடுத்த வீட்டுக் குயில் கொஞ்சம் பெரியதாகிவிட்டது. கதவைச் சாத்த முடியவில்லை. அது நாள் முழுக்க வெளியே தலையை நீட்டித் தெருவை வேடிக்கை பார்த்தது. கண்காணிப்பாளர் வீட்டில் பெண்டுலம் ஆடியது, ஆனால் மணி தாறுமாறாக அடித்தது. மூன்று மணிக்குப் பதினொன்று அடிக்கும். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "எங்கப்பா காலத்துலயும் இப்படித்தாம்மா" என்றார்.

கடைக்காரர் குடும்பம் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. கொண்டுவர ஒன்றுமில்லை என்றாலும் பௌர்ணமிக்கு வந்து, சாப்பிட்டு, விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு போனார்கள். போகும்போது கணவர் கீழ்பென்னாத்தூரிலிருந்து வாங்கிவந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஆளுக்கு ஒரு பையில் கொடுப்பார். நான் எடையே பார்க்கவில்லை. ஒருமுறை கணவர், "அந்த நூத்திப் பத்தை அன்னிக்கே கட்டியிருந்தா..." என்று ஆரம்பித்தார். நான் முறைத்ததும் முடிக்காமல் விட்டுவிட்டார்.

ஐப்பசியில் ஒரு பௌர்ணமி. விடியலிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது பேருக்கு வடிக்க உலை வைத்துவிட்டேன். வடை மாவு அரைத்துவிட்டேன். இரண்டு மணி ஆயிற்று. ஆட்டோ வரவில்லை. கணவர் குடையோடு தெருமுனை வரைக்கும் மூன்று தடவை போய்வந்தார். அவர் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை எங்கேயும் போய்வந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் தானே போன் போட்டார்.

"இன்னா சார், இன்னும் காணோம்? சோறு ஆறுது."

மாமியார் குளியலறையில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டாராம், அதனால் யாரும் கிளம்பவில்லை, சொல்ல மறந்துவிட்டோம், மன்னிச்சுக்கணும் என்று கடைக்காரர் சொல்வது எனக்கே கேட்டது. பிறகு போன் கை மாறியது. கணவர் என்னிடம் நீட்டினார். அந்த அம்மாதான்.

"கால் எப்படிக் கீதும்மா?" என்றேன்.

"அது கெடக்குது. நீ இன்னிக்கு இன்னா செஞ்சே?"

"சாம்பார், வடை, அவரைக்காப் பொரியல்."

"வடை எத்தினி?"

"முப்பது."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி விடு. அடுத்த மாசம் வந்துடறேன். சாம்பாரு வேணாம், வத்தக்குழம்பு வையி. அப்பளம் பொரிக்கறத மட்டும் நான் வந்தப்பறம் பொரி, நமுத்துப் பூடும்."

முப்பது வடையை இரண்டு நாள் தின்றோம்.